கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது

விடியற்காலை ஐந்து மணிக்கு வாலாஜாபாத் சாலையில் நின்றால், ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆளேற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். நிறுத்தத்தில் காத்திருப்பவர்களில் ஊர்த்தெருவிலிருந்து வந்தவர்களும் உண்டு, சேரியிலிருந்து வந்தவர்களும் உண்டு. பேருந்துக்குள் ஏறும்வரை பெரிய வேறுபாடு தெரியாது. ஆலை வாசலில் அடையாள அட்டையைக் காட்டும்போதுதான் யார் நிரந்தரம், யார் ஒப்பந்தம், யார் 'டிரெய்னி', யார் துப்புரவு என்பது தெரியவரும்.

கடந்த மாதம் அந்தச் சாலையை ஒட்டிய கிராமம் ஒன்றில், அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் தொழிற்கல்விப் பிரிவில் படிக்கும் மாணவனின் தாயைச் சந்தித்தேன். நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவர். அரைப் பக்கத் தாள் ஒன்றை நீட்டினார். "தம்பி, கம்பெனில டிரெய்னிங்காம். லீவுல ஒரு மாசம், அப்புறம் சனி ஞாயிறுல போவணுமாம். பஸ்ஸு, சாப்பாடு அவங்களே பாத்துக்குவாங்களாம். கையில கொஞ்சம் காசும் வருமாம். கையெழுத்துப் போட்டுக் குடுன்னு பையன் ஒத்தக்கால்ல நிக்கிறான். போடலாமா?"

தாளில் மாணவன் பெயர் இருந்தது, தகப்பன் பெயர் இருந்தது. "நிறுவனத்தில் பயிற்சி பெற எனக்குச் சம்மதம்" என்று ஒரு வரி. "பயிற்சியின்போது ஏற்படும் எந்த விபத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று இன்னொரு வரி. என்ன தொழில் கற்றுத் தரப்படும், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை, முடிவில் யார் கொடுக்கும் சான்றிதழ் என்பதெல்லாம் தாளில் இல்லை.

விசாரித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன். அவர் கேட்ட கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமல்ல என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

பள்ளியில் படிக்கும்போதே ஆலைத் தொழிலின் அடிப்படைகளைக் கற்றுக்கொடுத்து, படிப்பு முடிந்ததும் முறையான தொழிற்பழகுநராகச் சேருவதற்கு மாணவரைத் தயார்செய்வது முன்பழகுநர் பயிற்சி எனப்படுகிறது. அளவுகோல் பிடிப்பது, வரைபடம் படிப்பது, லேத்தில் ஒரு கம்பியைக் கடைவது, மின்இணைப்பில் பாதுகாப்பு என்று தொடக்கப் பாடங்களே இதில் இருக்கும். அமெரிக்காவில் தொழிலாளர் துறை 2012-ல் இதற்கு வகுத்த வரையறையில் ஒரு நிபந்தனை உண்டு. அரசில் பதிவுபெற்ற ஒரு தொழிற்பழகுநர் திட்டத்தோடாவது இணைந்திருந்தால்தான் ஒரு பயிற்சி தரமான முன்பழகுநர் பயிற்சியாகக் கருதப்படும். அதாவது, அடுத்த கதவு எது என்று காட்டாத பயிற்சியை அங்கே அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் ஊர்ப் பெற்றோரும் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்த 1978-லிருந்தே தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின்பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம் எனப் பல பாடங்கள். அந்த மாணவர்களை அருகிலுள்ள தொழிற்கூடங்களுக்குக் குறுகிய கால உள்ளுறைப் பயிற்சிக்கு அனுப்பும் நடைமுறையும் வந்திருக்கிறது. 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் பள்ளிகளில் உயர்கல்வி, வேலை வழிகாட்டலைக் கொண்டுவந்தது. இவற்றின் ஓரத்தில்தான் தனியார் ஆலைகளும், அவற்றுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் இடைத்தரகர்களும் "பயிற்சி" என்ற பெயரோடு பள்ளி வாசலுக்கு வருகிறார்கள். எது அரசுத் திட்டம், எது ஆள்பிடிப்பு என்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை. சில நேரம் தலைமையாசிரியருக்கே தெரிவதில்லை.

பள்ளிப் பிள்ளைக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது என்றாலே நம் மக்களுக்கு ஒரு அச்சம் வரும். அதற்குக் காரணம் உண்டு. 1953-ல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளிகளில் அரை நாள் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று கொண்டுவந்த திட்டத்தை மக்கள் 'குலக்கல்வித் திட்டம்' என்றே அழைத்தார்கள். பெரியாரும் திராவிட இயக்கமும் நடத்திய போராட்டத்தால் அரசியல் நெருக்கடி முற்றியது. ராஜாஜி பதவி விலகிய பின், 1954-ல் காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். செருப்புத் தைப்பவர் மகன் மீதி நேரத்தில் எதைக் கற்றிருப்பான், பறையடிப்பவர் மகன் எதைக் கற்றிருப்பான் என்று அன்றைக்குக் கேட்ட கேள்வி இன்றும் காலாவதியாகவில்லை. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்புவரையிலான காலத்தில் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றவர்களிடம் பயிற்சி பெறச் சொல்கிறது. உள்ளூரில் யார் வீட்டுத் திண்ணையில் யார் பிள்ளை ஏற முடியும் என்பது அந்தக் கொள்கையை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

ஆலைப் பக்கத்திலும் கசப்பான அனுபவம் இருக்கிறது. கோவை, திருப்பூர், திண்டுக்கல், ஈரோடு பகுதி நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று பல ஆண்டுகள் நடந்தது. பள்ளிப் படிப்பை நிறுத்திய பெண்களை மூன்றாண்டு விடுதியில் தங்கவைத்து, முடிவில் திருமணத்துக்கு ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தலித் பெண்கள். பதிவேட்டில் அவர்கள் தொழிலாளர்கள் அல்ல, 'அப்ரண்டிஸ்'. மூன்றாண்டும் அப்ரண்டிஸ்! நூல் அறுந்தால் ஒட்டத் தெரிந்துகொள்ள மூன்றாண்டு ஆகாது. தொழிலாளி என்று எழுதினால் தொழிலாளிக்குரிய கூலியும் உரிமையும் தர வேண்டும் என்பதுதான் காரணம். 2008-ல் தமிழ்நாடு அரசு நூற்பாலைப் பழகுநர்களுக்கென்றே குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க வேண்டி வந்தது. பிறகு, 2013-ல் ஏ.ஐ.சி.டி.இ. விதிகளின்கீழ் வந்த 'நீம்' என்ற ஏற்பாட்டில், உற்பத்தி வரிசையில் முழு வேலை செய்த இளைஞர்கள் 'டிரெய்னி' என்றே அழைக்கப்பட்டார்கள். அந்த ஏற்பாடும் பின்னர் கைவிடப்பட்டது.

இவ்வளவையும் பார்த்தவர்கள் "பயிற்சியும் வேண்டாம், ஆலையும் வேண்டாம், பிள்ளை கல்லூரிக்குப் போகட்டும்" என்றால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் அந்த முடிவுக்கு வரவில்லை. ஏன் என்பதற்கு அம்பேத்கரிடமிருந்து இரண்டு செய்திகள்.

முதலாவது, பம்பாய்ப் பஞ்சாலைகள். அங்கே நெசவுப் பிரிவில் கூலி அதிகம். அந்தப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. நெசவில் அறுந்த நூலை எச்சில் தொட்டு இணைக்க வேண்டும். அவர்கள் எச்சில் பட்ட நூலை மற்றவர் தொட மாட்டார்கள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. கூலி குறைந்த நூற்புப் பிரிவு மட்டும் அவர்களுக்குத் திறந்திருந்தது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் இந்தக் கேள்வியை எழுப்பினார். ஆலைக்குள் நுழைந்துவிட்டால் சாதி போய்விடும் என்பதை அவர் நம்பவில்லை. எந்தப் பிரிவில் வேலை, எந்தத் திறனைக் கற்க விடுகிறார்கள் என்பதில்தான் சாதி ஒளிந்திருக்கிறது என்பதைப் பார்த்தார்.

இரண்டாவது, 1942. வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரான பிறகு, பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து லின்லித்கோ பிரபுவிடம் ஒரு மனு அளித்தார். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் நம்மைக் கரையேற்றாது, அறிவியலும் தொழில்நுட்பமும் வேண்டும் என்பது அதிலுள்ள வாதம். அதற்கு உதவித்தொகை கேட்டார். கூடவே, அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் இளைஞர்களைப் பழகுநர்களாகச் சேர்த்துப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் கேட்டார். சட்டமேதை என்று நாம் கொண்டாடுகிறவர் பணிமனையில் பழகுநர் இடம் கேட்டார் என்பதை நம் கூட்டங்களில் அதிகம் பேசுவதில்லை.

அவர் ஏன் கேட்டார் என்பது கோவையிலோ அம்பத்தூரிலோ ஒரு லேத் பட்டறைக்குள் போய்ப் பார்த்தால் விளங்கும். அங்கே தொழில் மாமன் மச்சான் வழியாகப் போகிறது. சித்தப்பா பட்டறையில் விடுமுறைக்குப் போய் நின்ற பையன், பத்தாண்டில் தனிப் பட்டறை போடுகிறான். பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா இல்லாத பையன் எங்கே கற்பது? படித்துவிட்டால் மட்டும் தனியார் கதவு தானாகத் திறக்கிறது என்றும் சொல்ல முடியாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியோடு பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருள்ள விண்ணப்பங்களுக்கு நேர்முக அழைப்பு குறைவாகவே வந்தது. உறவும் இல்லை, பெயரும் உதவாது என்றால், சட்டம் கொடுக்கும் வழி ஒன்றுதான் மிச்சம்.

அந்தச் சட்டம் இருக்கிறது. தொழிற்பழகுநர் சட்டம், 1961. அதில் 1973-ல் ஒரு திருத்தம் வந்து 3ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அரசு குறித்துள்ள ஒவ்வொரு தொழிற்பிரிவிலும் பயிற்சியிடங்களில் ஒரு பகுதியைப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வேலையளிப்பவர் ஒதுக்க வேண்டும் என்கிறது அது. விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் விதிகளில் தரப்பட்டுள்ளது. இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் பின்னாளில் இடம் ஒதுக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, சட்டம் அரசு ஆலை, தனியார் ஆலை என்று பிரித்துப் பேசவில்லை என்பது. தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்று முப்பது ஆண்டுகளாக மாநாடு போடுகிறோம், தீர்மானம் நிறைவேற்றுகிறோம். நல்லதுதான். ஆனால் தனியார் ஆலையின் வாசலுக்குள் இடஒதுக்கீடு ஏற்கெனவே ஓர் இடத்தில் சட்டமாக நுழைந்து ஐம்பது ஆண்டு தாண்டிவிட்டது. அது பழகுநரின் இடம். அதை எண்ணிப் பார்க்கத்தான் ஆளில்லை.

கணக்கு எளிது. 2019-ல் திருத்திய விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். மொத்த ஆட்பலத்தில் 2.5 விழுக்காட்டுக்குக் குறையாமல், 15 விழுக்காட்டுக்கு மிகாமல். ஆட்பலம் என்பதில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அடக்கம். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலை என்றால் குறைந்தது 25 பழகுநர் இடம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என்று நம் மாவட்டத்தில் இருக்கும் ஆலைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவற்றில் எத்தனை இடம் நம் பிள்ளைகளுக்குரியது?

ஓட்டைகளையும் சொல்லியாக வேண்டும். ஒதுக்கிய இடத்துக்குப் பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பதாரர் கிடைக்காவிட்டால் மற்றவர்களைக் கொண்டு நிரப்பலாம் என்று விதி அனுமதிக்கிறது. "ஆள் வரவில்லை" என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. ஆள் ஏன் வரவில்லை, அறிவிப்பு எங்கே ஒட்டப்பட்டது, ஆதிதிராவிடர் நல விடுதிக்கும் பள்ளிக்கும் தகவல் போனதா என்று யாரும் கேட்பதில்லை. 2014 திருத்தம் இன்னொரு வழியைத் திறந்தது. நிறுவனங்கள் தாங்களே வகுத்துக்கொள்ளும் 'விருப்பத் தொழிற்பிரிவு' என்பது வந்தது. 3ஏ பிரிவின் வாசகமோ அரசு குறித்த தொழிற்பிரிவுகளைப் பற்றியது. இந்த இடைவெளியில் ஒதுக்கீடு நழுவுகிறதா என்று நம் வழக்கறிஞர்கள் பார்க்க வேண்டும். அதே 2014-ல் விதிமீறலுக்கான சிறைத் தண்டனையும் எடுக்கப்பட்டது. நிரப்பாத ஒவ்வொரு பயிற்சியிடத்துக்கும் மாதம் ரூ.500, மூன்று மாதத்துக்குப் பின் ரூ.1,000 அபராதம். ஒரு பழகுநருக்குத் தர வேண்டிய உதவித்தொகையைவிட அபராதம் மலிவு.

உதவித்தொகை என்றேன். 2019 விதிகளின்படி குறைந்தபட்சம் பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் ரூ.6,000, பிளஸ் டூ முடித்தவருக்கு ரூ.7,000. இதை 36 விழுக்காடு உயர்த்தும்படி 2025 மே மாதம் மத்திய தொழிற்பழகுநர் மன்றம் பரிந்துரைத்தது. ரூ.6,000 என்பது நாளொன்றுக்கு 200 ரூபாய். கொத்தனாரிடம் சித்தாள் வேலைக்குப் போனால் இதைவிட அதிகம் கிடைக்கும். அதனால்தான் வறுமையில் இருக்கும் வீடு இதை விட்டுவிட்டுச் சித்தாள் வேலைக்கோ ஒப்பந்த வேலைக்கோ பிள்ளையை அனுப்புகிறது. குறைந்த தொகையை ஏற்றுக்கொள்வதற்கு ஒரே நியாயம், முடிவில் கையில் வரும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ். அந்தச் சான்றிதழும் வராது, தொகையும் குறைவு என்றால் அது பயிற்சியே அல்ல, மலிவுக் கூலி.

பதிவுசெய்த பழகுநருக்கும் அந்தத் தாய் காட்டிய தாளுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வருகிறது. சட்டப்படியான பழகுநருக்கு எழுத்து ஒப்பந்தம் உண்டு. அவர் வயது வராதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தம் அரசின் இணையதளத்தில் பதிவாகும். எந்தத் தொழிற்பிரிவு, எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்பதெல்லாம் அதில் இருக்கும். பயிற்சியின்போது காயம்பட்டால் தொழிலாளிக்குரிய இழப்பீட்டுச் சட்டப்படி நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு தாளில் எழுதி வாங்குவது பழகுநர் சட்டத்தின் போக்குக்கே எதிரானது. வயதும் முக்கியம். பழகுநராகச் சேரக் குறைந்தது 14 வயது. அபாயகரமான தொழில் என்றால் 18. அச்சு இயந்திரத்தில் விரல் போன பிள்ளைகளை இந்த வட்டாரத்தில் பலரும் பார்த்திருப்பீர்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சட்டப் பழகுநருக்கும் வேலை உறுதி இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. பயிற்சி முடிந்ததும் வேலை தரும் கடமை நிறுவனத்துக்குக் கிடையாது. பல ஆலைகள் ஒரு குழுவை அனுப்பிவிட்டு அடுத்த குழுவை எடுக்கின்றன. அதனால் சான்றிதழ் வேறு எங்கே செல்லுபடியாகும் என்பதே கணக்கு. ரயில்வேயில் கடைநிலைப் பணிகளுக்கான நேரடி நியமனத்தில் 20 விழுக்காடு, ரயில்வே தொழிற்கூடங்களில் பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ஐ.டி.ஐ. முடித்தவர்களோடு, பத்தாம் வகுப்பு மட்டும் முடித்தவர்களையும் ஃபிட்டர், வெல்டர் போன்ற பிரிவுகளில் பழகுநராக எடுக்கிறது. மதிப்பெண் அடிப்படையில் தேர்வு, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் உண்டு. அவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. அம்பேத்கர் 1942-ல் கேட்ட ரயில்வே பணிமனை இடம், காஞ்சிபுரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்வரும் தொலைவில் இருக்கிறது. நம் கிராமங்களிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பிக்கிறார்கள்?

பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு தனி இடம் உண்டு. கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. கையில் வரும் நாலு காசுக்காகப் பிளஸ் ஒன்னில் பள்ளியை விட்டு நின்றால், இந்த வாய்ப்பு அன்றோடு போய்விடும். எந்தக் கம்பெனிப் பயிற்சியும் அதற்கு ஈடாகாது. பயிற்சி பள்ளி நேரத்தைத் தின்னக் கூடாது, வருகைப் பதிவைக் குலைக்கக் கூடாது என்று பெற்றோர் பிடிவாதமாக நிற்க வேண்டும். தொழிற்கல்விப் பிரிவில் படிப்பதால் கல்லூரிக் கதவு மூடிவிடாது என்பதும் பலருக்குத் தெரியவில்லை. பொறியியல் கலந்தாய்வில் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

பத்தாம் வகுப்போடு நிறுத்துவது என்று வீடு முடிவுசெய்துவிட்டால், ஆலைக்கு நேராகப் போவதைவிட அரசு ஐ.டி.ஐ. பல மடங்கு மேல். கல்விக் கட்டணம் இல்லை. மாதம் ரூ.750 உதவித்தொகை, மிதிவண்டி, பாடநூல், சீருடை, பேருந்துப் பயண அட்டை கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ.1,000 வேறு. டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து ரூ.2,877 கோடியில் 71 அரசு ஐ.டி.ஐ.களை மேம்படுத்தும் பணி நடந்தது. அதன் முதல் கட்டம் 2023-ல் ஒரகடம் ஐ.டி.ஐ.யில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. ரோபோ இயக்கம், நவீன சி.என்.சி. கடைசல், மின்வாகனப் பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு அங்கே இயந்திரங்கள் உள்ளன. ஒரகடத்துக்குத் தினமும் துப்புரவு வேலைக்குப் போகும் தாய், அதே சாலையில் தன் மகளுக்கு இப்படி ஓர் இடம் இருப்பதை அறியாமல் இருக்கக் கூடாது.

மகள் என்று குறிப்பாகச் சொல்கிறேன். மின்னணு ஆலைகளுக்குப் பெண்களைத் தேடித்தேடி எடுக்கிறார்கள். பெரும்பாலும் பாகங்களைக் கோக்கும் வரிசைக்கு. சில ஆண்டு நின்ற நிலையில் வேலை, விடுதி, பிறகு கல்யாணம், பிறகு ஒன்றுமில்லை. இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கும் தர ஆய்வுப் பிரிவுக்கும் போவதற்கு அந்த வரிசை வழிவிடுவதில்லை. பம்பாயில் நெசவுப் பிரிவு மூடியிருந்ததைப் போலத்தான் இதுவும். பள்ளியில் தொடக்கப் பயிற்சி தருவதாக இருந்தால் பெண் பிள்ளைகளுக்கு ஃபிட்டரும் எலக்ட்ரீசியனும் சி.என்.சி.யும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பள்ளிக்குள்ளும் ஒன்று பார்க்க வேண்டும். ஆலைப் பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்று வந்தால், "படிப்பு ஏறாத பிள்ளைகள்" என்று ஒரு பட்டியல் தயாராகிவிடுகிறது. அந்தப் பட்டியலில் சேரிப் பிள்ளைகளின் பெயர்கள் ஏன் அதிகமாக இருக்கின்றன என்று கேட்டால் ஆசிரியருக்குக் கோபம் வரும். எல்லா ஆசிரியரையும் சொல்லவில்லை. எங்களைப் போன்ற பலரைத் தூக்கிவிட்டவர்களும் ஆசிரியர்கள்தான். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி அது. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவனும் லேத் முன்னால் ஒரு நாள் நிற்கட்டும்; அப்போது அது கல்வி. கடைசி வரிசையை மட்டும் கூட்டிப்போனால் அது கழித்துக்கட்டுதல். தொழிற்கல்விப் பிரிவில் ஆசிரியர் ஓய்வுபெற்றதும் பணியிடத்தை நிரப்பாமல் பிரிவையே மூடிவிட்ட பள்ளிகள் இருக்கின்றன. பட்டறையில் துருப்பிடித்த லேத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பிவைப்பது, அரசு தன் பொறுப்பை ஆலையின் தலையில் கட்டுவது.

கல்லூரி மாணவர்களுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஒட்டி ஒரு மனு போடலாம். இம்மாவட்டத்தில் பழகுநர்களைச் சேர்க்கக் கடமைப்பட்ட நிறுவனங்கள் எத்தனை? கடந்த மூன்றாண்டில் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள்? அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், அருந்ததியர் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர்? எந்தெந்தத் தொழிற்பிரிவில்? ஒதுக்கிய இடம் நிரம்பாதபோது என்ன நடவடிக்கை? "தகவல் எங்களிடம் இல்லை" என்று பதில் வந்தால் அதுவும் ஒரு தகவல்தான். மேல்முறையீடு செய்யலாம். பதில் கிடைத்தால் இப்பகுதிக்கு ஒரு நகல் அனுப்புங்கள், வெளியிடுவோம்.

அந்தத் தாயிடம் இரண்டு வாரம் கழித்துப் போனேன். கையெழுத்துப் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொழிற்பிரிவின் பெயர், நேரம், தொகை, காப்பீடு, சான்றிதழ் ஐந்தும் எழுதிய தாளை நிறுவனத்தின் முத்திரையோடு தலைமையாசிரியர் வழியாக வாங்கித் தரச் சொல்லுங்கள், "பொறுப்பல்ல" என்ற வரியை அடித்துவிடச் சொல்லுங்கள் என்றேன். அவர் அதற்குள் பள்ளிக்கே போய்க் கேட்டுவிட்டார். ஆள் சேர்க்க வந்தவர் "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்று போனவர், பிறகு வரவில்லையாம். பையன் இரண்டு நாள் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு கிடந்தான். இப்போது ஐ.சி.எஃப். அறிவிப்பு எப்போது வரும் என்று விசாரிக்கிறான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் ஆதாரும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அம்மா பெட்டியில் வைத்திருக்கிறார்.